டெம்போவில் வரும் ரப்பர் கன்று

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் ரப்பர் விளை இருக்கிறது. அப்பா காலத்து மரங்களைத் தடிக்கு விற்றுவிட்டோம். மறுநடவு செய்ய வேண்டும். டெம்போவில் கன்று கொண்டுவரும் ஒருவர், "எல்லாம் 105 ஒட்டு, நாற்றங்கால் விலையில் பாதி, 250 கன்று எடுங்கள்" என்கிறார். பில் கிடையாதாம். வாங்கலாமா?

பதில்: பில் கிடையாது என்று அவரே சொல்லிவிட்டார் அல்லவா, வேண்டாம். வாழைக்கன்று மோசமென்றால் ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். ரப்பரில் பால் வெட்டவே ஏழு வருடம் ஆகும். சிரட்டையில் பால் நிறையவில்லை என்று எட்டாம் வருடம் கண்டுபிடித்து, அந்த டெம்போவை எங்கே போய்த் தேடுவீர்கள்?

105 என்பது கோட்டயத்திலுள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்ட ரகம். அதன் பிறகு 414, 430 ஆகியவையும் வந்திருக்கின்றன. இளங்கன்றின் இலையைப் பார்த்து ரகம் சொல்லப் பழகிய கண் வேண்டும்; எனக்கு அது வராது. அதனால் ரகத்துக்கு நமக்கிருக்கும் ஒரே பிடி, விற்பவர் எழுதித் தரும் பில்தான். ரப்பர் வாரிய நாற்றங்காலிலோ வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற நாற்றங்காலிலோ வாங்குங்கள். ரகத்தின் பெயர், எண்ணிக்கை, தேதி மூன்றும் பில்லில் இருக்க வேண்டும்.

ஒட்டா இல்லையா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். கன்று இருக்கும் பையைக் கையில் எடுத்து அடித்தண்டைக் கவனியுங்கள். ஒட்டுக் கன்றில், வேர்ச்செடியின் (வேருக்காக விதையிலிருந்து வளர்த்த அடிச்செடி) பக்கவாட்டில் ஒட்டிய பட்டைத் துண்டின் விளிம்பு தெரியும். அந்தத் துண்டிலுள்ள மொட்டிலிருந்துதான் தண்டு சற்று வளைந்து மேலேறும். அதற்கு மேல் வேர்ச்செடியை வெட்டிய மொட்டைத் தழும்பு காய்ந்து நிற்கும். வளைவே இல்லாமல் ஒரே தண்டாகப் போனால் அது விதைக்கன்று. பட்டைத் துண்டுக்குக் கீழிருந்து கிளம்பியதும் வேர்ச்செடியின் முளைதான். வேர்ச்செடிக்கு விதை தேடிக் கேரள நாற்றங்கால்கள் நம் மாவட்டத்துக்குத்தான் வருகின்றன. நம் விதையையே முளைக்க வைத்து, ஒட்டு என்று நம் தலையில் கட்டினால் எப்படி!

இலை இரண்டு மூன்று அடுக்கு வந்திருக்கட்டும். மேலடுக்கு இன்னும் செம்பு நிறத் தளிராக இருந்தால், அது முற்றிப் பச்சையாகும் வரை நடாதீர்கள்.

250 கன்று எதற்கு? 16 அடிக்கு 16 அடி நட்டால் ஏக்கருக்கு 170 போதும். பட்டுப்போவதற்கு ஈடாகப் பத்துப் பதினைந்து கூட வாங்கலாம். குழி முக்கால் மீட்டர் நீள, அகல, ஆழம். தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் நடுங்கள். பின்னாளில் வெட்டத் தொடங்கும்போதும் வருடக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஒட்டிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் மரத்தின் சுற்றளவு 50 செ.மீ. வந்திருக்க வேண்டும்.

பில்லோடு வாங்கியும் ஏமாந்தால், கன்றுகளைப் படமெடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடக் கெடு உண்டு என்பதால் ஒட்டை வாங்கும் அன்றே பாருங்கள். "விவசாயி நுகர்வோர் அல்ல" என்று யாராவது வாதிட்டால் அசர வேண்டாம். விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டது.

கேள்வி: மார்த்தாண்டத்தில் தொட்டியோடு ஒரு 'ரப்பர் செடி' வாங்கினேன். முற்றத்தில் நட்டால் பால் வெட்டலாமா?

பதில்: உங்கள் செடியில் இலை ஒவ்வொன்றும் தனியாக, தடித்துப் பளபளப்பாக இருக்குமே? அது ஆலமரத்தின் உறவு, அழகுக்கு வளர்ப்பது. தோட்டத்து ரப்பருக்குக் காம்புக்கு மூன்று சிற்றிலை. கிள்ளினால் உங்களுடையதிலும் பால் வரும். ரப்பர் ஷீட் அடிக்க உதவாது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, இரண்டுக்கும் பெயர் அதுதான். முற்றத்தில் மட்டும் இறக்கிவிடாதீர்கள்; அதன் வேர் கழிவுக் குழாயைத் தேடிப் போகும்.