வீட்டில் இரண்டு நோயாளிகள், கையில் 34 லட்சம்: ஓய்வுபெற்ற நர்ஸ் பணத்தை எப்படிப் பிரித்து வைப்பது?

கேள்வி: அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்றேன். கடைசி அடிப்படைச் சம்பளம் 77,000 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு பென்ஷனை கம்யூட் செய்தது (முன்கூட்டியே மொத்தத் தொகையாக வாங்கிக்கொண்டது) போக, அகவிலைப்படியுடன் மாதம் 48,000 வருகிறது. கிராஜுவிட்டி, ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி), விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்ந்து 34 லட்சம் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கிறது. கணவருக்கு (66) பக்கவாதம். வலது கை, கால் வராது, நினைவு தெளிவாக இருக்கிறது. அம்மாவுக்கு (84) மறதி நோய். காலையில் தெளிவாகப் பேசுவார். மாலையானால் என்னையே யாரென்று கேட்பார். இருவரையும் நான்தான் பார்க்கிறேன். மருந்து, டயப்பர், பிசியோதெரபி, வீட்டுச் செலவு எல்லாம் 43,000 ஆகிறது. அப்பா ஆசிரியர் என்பதால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் 19,000 வருகிறது. தம்பி ஏதாவது சொல்வானோ என்று அதை நான் தொடுவதில்லை. 7 லட்சம் சேர்ந்திருக்கிறது. தனியார் நர்ஸிங் ஹோமில் இரவுப் பணிக்கு 16,000 தருகிறேன் என்கிறார்கள். ஏஜென்ஸியில் ஆள் கேட்டால் 12 மணி நேரத்துக்கு 800 ரூபாய். பெங்களூரில் இருக்கும் மகன் ஃபிளாட் வாங்க 10 லட்சம் கேட்கிறான். தெரிந்த ஏஜென்ட் ஒருவர் ஆண்டுக்கு 5 லட்சம் கட்டும் பாலிசி போடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் கொடுத்திருக்கும் செலவுக் கணக்கில் ஒரு பெரிய தொகை விடுபட்டிருக்கிறது. அது உங்கள் உழைப்பு. ஏஜென்ஸி சொன்ன 800 ரூபாயை வைத்தே பார்ப்போம். பகலுக்கு ஓர் ஆள், இரவுக்கு ஓர் ஆள் என்றால் மாதம் 48,000. உங்கள் பென்ஷன் மொத்தமும் அதற்கே சரியாகிவிடும். அதுவும் ஒரு நோயாளிக்கான ரேட்டாக இருக்கலாம். வீட்டில் இருவர் என்றால் பல ஏஜென்ஸிகள் கூடுதலாகக் கேட்கும். கதீட்டர் மாற்றுவது, புண்ணுக்கு டிரஸ்ஸிங், இன்சுலின் என்று அட்டெண்டர் செய்ய முடியாதவற்றையும் நீங்கள்தான் செய்கிறீர்கள். அவை இந்தக் கணக்கிலேயே இல்லை.

ஆகவே உங்கள் வீட்டின் மிகப் பெரிய நிதி ஆபத்து வட்டி குறைவதில்லை. கணவரைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது உங்கள் இடுப்பு பிடித்துக்கொண்டு நீங்கள் மூன்று மாதம் படுத்துவிடுவதுதான். பணத்தை எங்கே வைப்பது என்பதை இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரவுப் பணியை முதலில் தள்ளிவிடுங்கள். 16,000 சம்பாதிக்கப் போகும் நேரத்தில் வீட்டில் ஆள் வைக்க 24,000 ஆகும். மாதம் 8,000 நஷ்டம், தூக்கமும் போகும்.

அடுத்தது அம்மாவின் 19,000. அது அம்மாவின் பராமரிப்புக்காக அரசு தரும் பணம். அதைத் தொடாமல் சேர்த்து வைத்து, அவருடைய டயப்பருக்கு உங்கள் பென்ஷனிலிருந்து கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை. அந்தப் பணத்தில் அரை நாள் ஆள் வையுங்கள். காலை 8 முதல் பகல் 2 மணி வரை, ஏஜென்ஸி வழியாக இல்லாமல், அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு பெண்மணியை நேரடியாக அமர்த்தினால் ஏஜென்ஸி ரேட்டைவிடக் குறைவாகவே முடியும். குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, புரட்டிப் போடுவது என்று உடம்பை முறிக்கும் வேலையெல்லாம் அந்த ஆறு மணி நேரத்தில்தான் இருக்கிறது. சம்பளத்தை மாதக் கடைசியில் வங்கி வழியாகக் கொடுங்கள். முதல் மாதமே பெரிய அட்வான்ஸ் வேண்டாம்; இந்த வேலையில் ஆள் பாதியில் நின்றுபோவது சகஜம். வாராந்திர விடுமுறை எந்த நாள், அன்று மாற்று யார் என்பதைச் சேரும்போதே பேசிவிடுங்கள்.

தம்பி விஷயத்துக்கு நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுவதுதான் வழி. அம்மாவின் செலவு மட்டும் ஒரு தனி நோட்டில். தேதி, பொருள், தொகை, பில் ஒட்டியது. மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. பின்னாளில் சொத்துப் பேச்சு வரும்போது அந்தத் தேதியிட்ட படங்கள் உங்களுக்காகப் பேசும்.

அம்மாவின் பென்ஷனில் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். 80 வயது முடிந்தால் அடிப்படைக் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். பிறந்த தேதி பி.பி.ஓ.வில் (ஓய்வூதியம் வழங்கும் உத்தரவில்) இல்லாமலோ தவறாகவோ இருந்தால் இது விட்டுப்போகும். விட்டுப்போயிருந்தால் ஆதாரத்துடன் கருவூலத்தில் மனுக் கொடுத்து நிலுவையையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது, மருத்துவக் காப்பீடு. உங்கள் பென்ஷனில் பிடிக்கும் காப்பீட்டில் நீங்களும் கணவரும்தான் வருவீர்கள், அம்மா வரமாட்டார். ஆனால் அவர் குடும்ப ஓய்வூதியர் என்பதால் தன் சொந்த உரிமையிலேயே அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும். அவர் பென்ஷனில் சந்தா பிடிக்கிறார்களா, அவர் பெயரில் அட்டை இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். 2022 ஜூலையில் தொடங்கிய திட்டம் நான்கு ஆண்டுகளுக்கானது. புதுப்பிக்கும்போது விதிகள் மாறலாம், கவனியுங்கள். வீட்டில் செய்யும் பராமரிப்புக்கும் அட்டெண்டருக்கும் இதில் பணம் கிடைக்காது.

அம்மாவின் வங்கிக் கணக்கைக் கொஞ்சம் அவசரமாகவே கவனிக்க வேண்டும். கையெழுத்துப் போட முடியாத முதியவர் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். பணத்தை யார் வாங்கிக்கொள்வார் என்றும் அம்மா குறிப்பிடலாம். கிளை மேலாளரிடம் எழுத்தில் கேட்டு, அதிகாரியை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். வரச்சொல்லும் நேரம் காலை பத்து மணியாக இருக்கட்டும். மாலை ஐந்து மணிக்கு வந்து, அவர் கேட்கும் கேள்விக்கு அம்மா விழித்தால் காரியம் கெட்டுவிடும். அதே காலையில் 7 லட்சத்தையும் அவர் பெயரிலேயே டெபாசிட்டாக மாற்றி, நாமினியும் பதிவு செய்துவிடலாம்.

'அம்மாவிடம் கைநாட்டு வாங்கி பவர் (அவருக்காகச் செயல்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிக்கொள், வீட்டை மாற்றிக்கொள்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மனநிலை தெளிவில்லாதவர் எழுதிக்கொடுத்தது செல்லாது. தெளிவாக இருந்தபோது கொடுத்த பவரும் நினைவு தவறியபின் நிற்காது. நிலைமை முற்றினால் நீதிமன்றம் வழியாகக் காப்பாளராக நியமனம் பெறுவதுதான் முறை. கோமாவில் இருந்தவருக்கு அவர் மனைவியைக் காப்பாளராக நியமித்து 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கணவர் விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அவருக்கு நினைவு தெளிவு, கைதான் வராது. இப்போதே அவர் கணக்குகளில் உங்களை இணைத்து 'இருவரில் எவரேனும்' என்று மாற்றுங்கள். அவர் பெயரில் சொத்து இருந்தால், தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றுடன் உயிலைப் பதிவு செய்துவிடுங்கள். அடுத்த அட்டாக் வந்தபின் இதில் எதையும் செய்ய முடியாது.

இனி 34 லட்சம். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 20 லட்சம் போடுங்கள். 2025-26இல் வட்டி 8.2 சதவீதம், போடும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுக்கும் மாறாது. காலாண்டுக்கு 41,000 வரும், மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 13,650. ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம் என்பதால் முழுவதையும் அதில் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். இதில் கொஞ்சம் மட்டும் எடுக்க வழியில்லை. எடுத்தால் கணக்கையே மூட வேண்டும். ஓராண்டுக்குள் மூடினால் வாங்கிய வட்டி முழுவதையும் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டில் மூடினால் அசலில் 1.5 சதவீதமும், அதன்பின் 1 சதவீதமும் போகும். அதனால்தான் 20 லட்சத்தையும் ஒரே கணக்காகப் போடாமல் இந்த மாதம் 10, அடுத்த மாதம் 10 என்று இரண்டாகத் திறக்கச் சொல்கிறேன். கணவரைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேருங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனாலும் முதிர்வு வரை அவர் அதைத் தொடரலாம்.

10 லட்சம் வங்கி டெபாசிட்டில். ஒரே ரசீதாக வேண்டாம், ஒரு லட்சம் வீதம் பத்து ரசீது, இரண்டு வங்கிகளில் ஐந்து ஐந்தாக. ஒரு வங்கியில் ஒருவருக்கு வைப்புத்தொகைக் காப்பீடு வட்டியையும் சேர்த்து 5 லட்சம்தான். அதனால் வட்டியை அவ்வப்போது வேறொரு வங்கியில் உள்ள சேமிப்புக் கணக்குக்கு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பத்து லட்சம்தான் உங்கள் உடம்புக்கான காப்பு. நீங்கள் படுத்துவிட்டால் இரண்டு ஷிஃப்ட்டுக்கும் ஆள் வைத்து 20 மாதம் தாக்குப்பிடிக்கலாம். மகன் கேட்பதும் அதே பத்து லட்சம் என்பதைக் கவனியுங்கள். அவருக்கு இதே கணக்கைக் காட்டுங்கள். சம்பளக்காரரான அவருக்கு வீட்டுக்கடன் கிடைக்கும். அப்பாவுக்கும் பாட்டிக்கும் ஆள் வைக்கக் கடன் கேட்டு நீங்கள் எந்த வங்கிக்கும் போக முடியாது.

2 லட்சம் சேமிப்புக் கணக்கில் நிற்கட்டும். மீதி 2 லட்சத்தை வீட்டுக்கே செலவழியுங்கள்: குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, சக்கர நாற்காலி நுழையும் அளவுக்குக் கதவு, தலைப்பக்கம் உயரும் கட்டில், ஏர் பெட், தூக்குவதற்கு இடுப்பு பெல்ட். கட்டிலை வாடகைக்கு எடுத்தால் ஒரு வருடத்துக்குள்ளேயே விலையை எட்டிவிடும், சொந்தமாகவே வாங்குங்கள். பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் எதையும் நான் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அகவிலைப்படி ஏறும் பென்ஷன் உங்களிடம் இருக்கிறது. விலைவாசியை அது ஓரளவு பார்த்துக்கொள்ளும்.

நீங்கள் கணவருக்கு முன்பாகப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் உங்கள் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது 23,100. அதன்மேல் 2025 ஜூலை நிலவரப்படி 58 சதவீத அகவிலைப்படி சேர்த்தால் சுமார் 36,500. ஆரம்ப ஆண்டுகளில் கிடைக்கக்கூடிய உயர்த்தப்பட்ட விகிதத்தை நான் சேர்க்கவில்லை. நீங்கள் இல்லாத வீட்டில் ஆட்கூலியே 48,000 ஆகும்போது இது போதாது. சேமிப்பின் வட்டி அங்கேதான் கைகொடுக்கும். பி.பி.ஓ.வில் கணவர் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஓர் இனிஷியல் மாறியிருந்தாலும், கையெழுத்துப் போட முடியாத அவர் அதற்காக அலைய நேரிடும்.

செலவைக் குறைக்க ஓர் இடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். பிசியோதெரபிஸ்ட்டும் வலிநிவாரணப் பராமரிப்பு நர்ஸும் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருவர் பெயரையும் பதியுங்கள். பிசியோ அடிக்கடி வரமாட்டார். வரும்போது பயிற்சிகளை நீங்களும் அரை நாள் ஆளும் கற்றுக்கொண்டால், இப்போது தனியாருக்குக் கொடுப்பதில் பாதியாவது மிச்சமாகும்.

ஏஜென்ட் சொல்லும் பாலிசி வேண்டாம். 'வரி மிச்சம்' என்பார். பென்ஷன், வட்டி எல்லாம் சேர்ந்தும் உங்கள் ஆண்டு வருமானம் 8 லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. மிச்சம் பிடிக்க அங்கே வரியே கிடையாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் எழுதிக்கொடுத்துத் திருப்பிவிடலாம். வரி இல்லாவிட்டாலும் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். அஞ்சலக வட்டி ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் டி.டி.எஸ். (வட்டியைக் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளும் வரி) பிடிப்பார்கள். அதைத் தவிர்க்க, வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை, இதுவரை 15ஹெச் என்று நாம் சொல்லிவந்ததை, ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே அஞ்சலகத்திலும் இரண்டு வங்கிகளிலும் கொடுத்துவிடுங்கள்.