மெரிடித்தும் அந்த 10 பவுண்டும்

அன்புள்ள ஐயா,

வேல்ஸ் கால்பந்து ஆட்டக்காரர் பில்லி மெரிடித்தைப் பற்றி நீங்கள் எழுதியதை ரசித்துப் படித்தேன். வலது விங்கில் அவர் ஓட்டம், வாயில் எப்போதும் இருக்கும் பல்குத்தும் குச்சி எல்லாம் கண்முன் வந்தன. ஆனால் எதிரணி ஆட்டக்காரருக்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்ததற்காகத் தடை வாங்கியவர் அவர். அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். பிடித்தவர் செய்தால் குற்றம் சின்னதாகிவிடுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் தாண்டியது என் தவறுதான். 1905 ஏப்ரலில், சீசனின் கடைசி ஆட்டத்தில், எதிரணியான ஆஸ்டன் வில்லாவின் ஆட்டக்காரர் அலெக் லீக் என்பவருக்கு 10 பவுண்டு தருவதாகச் சொன்னார் என்பது புகார். மெரிடித் அப்போது மான்செஸ்டர் சிட்டியில் இருந்தார். ஆட்டத்தில் சிட்டி 3-2 என்று தோற்றது. முதலில் அவர் மறுத்தார். கிளப் கைவிட்டதும், மேனேஜர் சொல்லித்தான் செய்தேன் என்றார். இதில் அவருக்காக வாதாட மாட்டேன்.

ஆனால் அதன் பிறகு வெளியே வந்ததையும் பாருங்கள். 1901 முதல் எந்த ஆட்டக்காரருக்கும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி. சிட்டி ரகசியமாகக் கூடுதலாகக் கொடுத்துவந்தது. 1906இல் அது அம்பலமானபோது 17 ஆட்டக்காரர்களுக்குத் தடை. இனி சிட்டிக்கு ஆடவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். மெரிடித் அதே ஊரின் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். 1907 ஜனவரி 1, தடை முடிந்து ஆடிய முதல் ஆட்டமே வில்லாவுக்கு எதிராக. அவர் அடித்துக் கொடுத்த பந்தைத்தான் சாண்டி டர்ன்புல் கோலாக்கினார். 1-0.

வேல்ஸில் சர்க் ஊர்ப் பக்கம் 12 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர் அவர். சிட்டியில் சேர்ந்த பிறகும் கொஞ்ச காலம் சுரங்க வேலையை விடவில்லை. கூலி, விபத்து, சங்கம் எல்லாம் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயங்கள். 1907இல் யுனைடெட்டின் இரண்டாம் அணி ஆட்டம் ஒன்றில் டாமி பிளாக்ஸ்டாக் பந்தைத் தலையால் முட்டிய கையோடு சுருண்டு விழுந்து இறந்துபோனார். குடும்பத்துக்கு நஷ்டஈடு ஒரு காசு கிடைக்கவில்லை. அந்த டிசம்பர் 2ஆம் தேதி மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர் சங்கம் பிறந்தது. கூட்டத்துக்குத் தலைமை மெரிடித்.

1909இல், ஆட்டக்காரர் சங்கத்தை விட்டு விலகாவிட்டால் ஆட முடியாது என்று, இங்கிலாந்து கால்பந்தை நிர்வகிக்கும் எஃப்.ஏ. மேலிடம் மிரட்டியது. மற்ற கிளப்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்க, யுனைடெட் ஆட்டக்காரர்கள் மட்டும் அசையவில்லை. ‘அவுட்காஸ்ட்ஸ் எஃப்.சி.’, அதாவது ஒதுக்கப்பட்டவர்கள் அணி, என்று எழுதிய பலகையை முன்னால் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். சீசன் தொடங்கும் நேரத்தில் மேலிடம் இறங்கிவந்து சங்கத்தை அங்கீகரித்தது. சம்பள உச்சவரம்பு மட்டும் 1961 வரை போகவில்லை.

லஞ்சம் கொடுக்கப் பார்த்தவரும் அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் ஒரே ஆள்தான். எனக்கு இரண்டும் வேண்டும். முந்தைய கட்டுரையில் ஒன்றை மறைத்துவிட்டேன். நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

45 வயதில் வேல்ஸுக்காக ஆடி இங்கிலாந்தை வென்றார். 49 வயது தாண்டியும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் ஓடினார். 1958இல் மான்செஸ்டரில் இறந்தார். கல்லறைக்குப் பெயர்க்கல் கூட இல்லை. பல வருடம் கழித்துக் கல் வைத்தபோது செலவைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவர் தொடங்கிவைத்த அந்தச் சங்கமும் உண்டு.

அன்புடன்