கட்டைப் பிரித்துப் பார்க்காதீர்கள்: ரத்தம், தையல், புண் பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை புண்ணைப் பற்றியவை. சமையலறை வெட்டு, சிசேரியன் தையல், ஆறாத கால் புண் என்று பலவிதம். அறுவை சிகிச்சை மருத்துவராக நான் தினமும் பார்ப்பவைதான், அதனால் ஒன்றாகச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மீன் வெட்டும்போது ஆள்காட்டி விரலில் கத்தி பட்டுவிட்டது. மாமியார் மஞ்சள்தூளை அப்பினார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, ரத்தம் நிறுத்தும் சீன மருந்தான யுன்னான் பாய்யாவ் தூளைக் கொண்டு வந்தார். அரை மணி நேரமாகியும் ரத்தம் நிற்கவில்லை. ரத்தத்தில் ஏதாவது குறையா? (ஈசூன் வாசகி)

அந்த அரை மணி நேரத்தில் எத்தனை முறை டிஷ்யூவை எடுத்துப் பார்த்தீர்கள்? குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வெட்டுப்பட்டதும் ரத்தக்குழாய் தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளும். பிறகு ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி ஒரு தற்காலிக அடைப்பை உண்டாக்கும். அதன் மேல் ஃபைப்ரின் என்ற நார் வலை பின்னப்பட்டு, அடைப்பு கெட்டியாகும். இதெல்லாம் முடியச் சில நிமிடங்கள் ஆகும். 2 நிமிடம் அழுத்திவிட்டு 'நின்றுவிட்டதா' என்று துணியைத் தூக்கினால், பாதி பின்னிய வலை துணியோடு வந்துவிடும். உடம்பு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒரு மூத்த அறுவை மருத்துவர், ரத்தம் கசிந்த இடத்தில் பஞ்சுத்துணியை வைத்து அதன் மேல் என் விரலை அழுத்தி வைத்தார். "சுவர்க் கடிகாரத்தைப் பார். 5 நிமிடம் ஆகும்வரை விரல் அசையக் கூடாது" என்றார். மூன்றாவது நிமிடம் எனக்குப் பொறுக்கவில்லை. லேசாகத் தூக்கினேன். ரத்தம் குபுக்கென்று வந்தது. அவர் திட்டவில்லை. என் விரலைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, "இப்போது மறுபடி 5 நிமிடம்" என்றார். அன்றிலிருந்து நான் கடிகாரத்தை நம்புகிறேன், என் அவசரத்தை நம்புவதில்லை.

ஆகவே, சுத்தமான துணியை வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால் 15, 20 நிமிடம்கூட ஆகலாம். துணி நனைந்தால் மேலே இன்னொன்றை வைத்து இன்னும் அழுத்துங்கள். ரத்தம் பீய்ச்சி அடித்தால், அழுத்திய கையை எடுக்காமல் வேறு யாரையாவது ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்கச் சொல்லுங்கள். தூள் எதுவும் வேண்டாம். மஞ்சளோ காப்பித்தூளோ யுன்னான் பாய்யாவோ, எதுவானாலும் வெட்டுக்குள் போய்விட்டால் தையல் போடுவதற்கு முன் நாங்கள் அத்தனையையும் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கழுவல் உங்களுக்கு வலிக்கும்.

இன்னொன்று. மீன் வெட்டிய கத்தி, மீன் முள் ஆகியவற்றால் வரும் காயங்களைச் சாதாரணமாக விடாதீர்கள். கடல் நீரில் வாழும் சில கிருமிகள் சில மணி நேரத்திலேயே கையை வீங்க வைத்துவிடும். சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலியும் வீக்கமும் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: தாதிமைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதன்முதலாக அறுவை அறைக்குள் நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய வெட்டில் இவ்வளவு குறைவாக ரத்தம் வந்தது ஆச்சரியமாக இருந்தது. எப்படி? (செங்காங் மாணவி)

நல்ல கேள்வி, தங்கச்சி. நீங்கள் பார்த்த புகையும் கருகல் வாடையும்தான் பாதி பதில். அதிக அதிர்வெண் மின்சாரத்தால் சிறு குழாய்களைச் சூடாக்கி மூடுகிறோம். பாஸ்டனில் ஹார்வி குஷிங் என்ற மூளை அறுவை நிபுணர், வில்லியம் போவி உருவாக்கிய கருவியை 1926-ல் பயன்படுத்திய பிறகுதான் இந்த முறை பரவியது. பெரிய குழாய் என்றால் இடுக்கியால் பிடித்து நூலால் கட்டுவோம். 16ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஆம்ப்ருவாஸ் பாரே, கால் துண்டித்த இடத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதை விட்டுவிட்டு ரத்தக்குழாயை நூலால் கட்டினார். அந்தக் கட்டு இன்றும் நம் கையில் இருக்கிறது.

தையலைப் பற்றி நம் மொழியிலேயே ஒரு காட்சி இருக்கிறது. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில், போர்வீரர் மார்பிலுள்ள காயத்தைத் தைக்கும் நீண்ட வெள்ளூசியைப் பரணர் மீன்கொத்தியோடு ஒப்பிடுகிறார். குளத்தில் மூழ்கி மீனோடு மேலே எழும் அந்தச் சிரல் பறவை போல, ஊசி தோலுக்குள் மூழ்கி மறுபக்கம் எழுகிறது. அடுத்த முறை தையலைக் கிட்டே நின்று பாருங்கள். வளைந்த ஊசி ஒரு கரையில் செங்குத்தாக இறங்கி, அடியில் வளைந்து, மறுகரையில் அதே தூரத்தில் மேலே வரும். இரண்டு பக்கமும் ஒரே ஆழம், ஒரே தூரம். கிட்டே நின்று பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

முடிச்சை இறுக்கிக் கட்டுவது நல்லது என்று புதியவர்கள் நினைப்பார்கள். இறுக்கினால் விளிம்புகளுக்கு ரத்தம் போகாது, தோல் வெளுத்து அழுகும். இரண்டு ஓரமும் தொட்டுக்கொண்டால் போதும். மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: சிசேரியன் ஆகி 6 வாரம் ஆகிறது. தையல் தானாகக் கரையும் என்றார்கள். இப்போது ஓரத்தில் மீன்பிடி நரம்பு போல ஒரு நூல் எட்டிப் பார்க்கிறது. இழுத்துவிடலாமா? (பொங்கோல் வாசகி)

இழுக்காதீர்கள். கரையும் நூல்களில் அதிகம் பயன்படும் விக்ரில் வகை முழுதாகக் கரைய 56 முதல் 70 நாள் ஆகும். வேறு சில வகைகளுக்கு 6 மாதம்கூட ஆகும். முடிச்சு தோலுக்கு மிக அருகில் இருந்தால் உடம்பு அதை வெளியே தள்ளிவிடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. பலதுறை மருந்தகத்தில் தாதி ஒருவர் அரை நிமிடத்தில் நறுக்கிவிடுவார். காய்ச்சல், சீழ், சுற்றிலும் பரவும் சிவப்பு, தையல் பிரிதல் இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. போன வருடம் இதய ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழல் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் சாப்பிடுகிறார். பல் பிடுங்க வேண்டும். நண்பர் ஒருவர், ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். (பிடோக் வாசகர்)

நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். பல் பிடுங்கிய குழியில் கசியும் ரத்தத்தை அழுத்தியும், தையல் போட்டும், ரத்தம் உறையவைக்கும் பஞ்சு வைத்தும் நிறுத்திவிடலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது மாரடைப்பு. இரண்டையும் தராசில் வைத்தால் எது கனம் என்று சொல்லவே வேண்டாம். முடிவைப் பல் மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி எடுக்கட்டும். அப்பா சாப்பிடும் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோங்கள். மருந்துக்கடையில் வாங்கும் மீன் எண்ணெய் மாத்திரை, ஜின்கோ மூலிகை, சீன மருந்துக் கடையின் டாங் குவாய் வேர் எல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும். இவற்றை மருந்து என்றே யாரும் நினைப்பதில்லை. கேட்டால்தான் சொல்கிறார்கள்.

பல் பிடுங்கியபின் பஞ்சுத்துணியை 30 நிமிடம் கடித்தபடி இருக்கச் சொல்லுங்கள். அன்று முழுவதும் வாய் கொப்பளிப்பது, துப்புவது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, சுடச்சுட தே தாரிக் குடிப்பது எதுவும் வேண்டாம். ரத்தச் சுவை தெரிந்ததும் பெரியவர்கள் குழாயடிக்குப் போய் அழுத்திக் கொப்பளிப்பார்கள். உறைந்த ரத்தம் அதிலேயே போய்விடும்.

கேள்வி: எனக்குக் குடலிறக்க அறுவை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. மீன், முட்டை, கத்தரிக்காய் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்கிறார் அம்மா. அலுவலகச் சீனத் தோழி சோயா சாஸ் தழும்பைக் கறுப்பாக்கும் என்கிறார். மலாய்த் தோழி ஹாருவான் சூப்பு வாங்கி வந்துவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது? (தெம்பனிஸ் வாசகர்)

சூப்பைக் குடியுங்கள்.

ஹாருவான் என்பது நம்முடைய விரால் மீன்தான். இங்கே மலாய்க்காரர்களும் சீனர்களும் அறுவை சிகிச்சை ஆனவருக்கு அதைத்தான் சமைத்துத் தருவார்கள். அதில் விசேஷ மருந்துச் சக்தி இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எளிதில் செரிக்கும் நல்ல புரதம் அது, புண்ணுக்கு வேண்டியதும் புரதம்தான். இரண்டு ஓரங்களையும் பிடித்துவைக்கும் கொலாஜன் நாரை உடம்பு புரதத்திலிருந்துதான் நெய்கிறது.

பத்தியம் என்ற பெயரில் இரண்டு வாரம் ரசம் சோறும் ரொட்டியும் மட்டும் சாப்பிட்டு, வயிற்றுத் தையல் பிரிந்து வந்த ஒரு பாட்டியை நான் மறக்கவில்லை. அன்போடுதான் அப்படிப் பார்த்துக்கொண்டார்கள். மகள் என் முன்னால் அழுதார். படுக்கைப் புண் உள்ளவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது மருத்துவ வழிகாட்டுதல். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. அந்த முட்டையையும் விலக்கிவிட்டால் எங்கே போவது? மீன், கோழி, பருப்பு, தாவ்ஹூ என்ற சோயாக் கட்டி எதையும் ஒதுக்காதீர்கள். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள உணவைத் தவிர்ப்பது சரி, அது வேறு விஷயம்.

வைட்டமின் சி-யும் வேண்டும். பழைய கடலோடிகளுக்குப் பழம் இல்லாமல் ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறை நோய் வந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் ஆறிய தழும்புகள்கூடப் பிரிந்தன. ஆறிய புண்ணையும் உடம்பு ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. உணவங்காடியில் நறுக்கி விற்கும் கொய்யா ஒரு பொட்டலம் போதும்.

சோயா சாஸ் தழும்பைக் கறுப்பாக்காது. வெயில் கறுப்பாக்கும், மூடி வையுங்கள். சிகரெட் பிடித்தால் நிறுத்துங்கள். நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். உணவில் விலக்க ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நான் சிகரெட்டைத்தான் சொல்வேன்.

கேள்வி: துவாஸில் வேலை செய்கிறேன். தகரம் பட்டு உள்ளங்கையில் 6 தையல். இன்று எட்டாவது நாள். அறை நண்பர் நகவெட்டியால் தையலை வெட்டிவிடலாம் என்கிறார். சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிடுகிறார். (தங்குவிடுதியிலிருந்து)

தம்பி, நகவெட்டியைக் கீழே வையுங்கள். முகத் தையலை 5 நாளில் எடுக்கலாம். உள்ளங்கை ஓயாமல் மடங்கி விரியும் இடம், 10 முதல் 14 நாள் வேண்டும். வெளியே ஒட்டிவிட்டது போலத் தெரிந்தாலும், முதல் வாரத்தில் புண்ணுக்குப் பழைய தோலின் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இப்போது பிடித்திருப்பது நூல்தான். 3 மாதம் ஆனாலும் 80 சதவீதத்துக்கு மேல் பலம் திரும்பாது.

முதல் இரண்டு நாளுக்குப் பிறகு குளிக்கும்போது தண்ணீர் படலாம். ஊற வைக்காமல் ஒற்றித் துடையுங்கள். ரப்பர் கையுறைக்குள் நாள் முழுவதும் வியர்வையில் ஊறினால் தோல் வெளுத்துத் தையல் பிரியும். எந்த விரலாவது மடங்கவில்லை, மரத்திருக்கிறது என்றால் உடனே காட்ட வேண்டும், நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம். கை விண்விண்ணென்று தெறித்தாலும், சிவப்புக் கோடு கையில் மேலேறினாலும் அப்படியே. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். அழுக்கான காயத்துக்கு 5 ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி போடுவோம்.

வேலையைப் பற்றி: வேலையிடத்துக் காயத்துக்கு மருத்துவர் மருத்துவ விடுப்போ இலகு வேலையோ எழுதிக் கொடுத்தால், முதலாளி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 2020 செப்டம்பர் 1 முதல் ஒரு நாள் விடுப்புக்கும் இது பொருந்தும். இழப்பீடு கோர, விபத்து நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு அவகாசம் உண்டு. மருத்துவச் சான்றிதழைப் படமெடுத்து ஊரில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். அந்தக் கை உங்கள் வீட்டுக்கே சோறு போடும் கை. கூச்சப்படாமல் விடுப்பு கேளுங்கள்.

கேள்வி: மகளுக்குக் காதில் இரண்டாவது துளை போட்ட இடத்தில் உருண்டையாகத் தடித்துவிட்டது. வெட்டி எடுத்துவிடலாமா? (ஜூரோங் வாசகி)

கெலாய்டு, அதாவது அளவுக்கு மீறி வளரும் தழும்பு போலத் தெரிகிறது. நம்மைப் போன்ற கருந்தோலினருக்கு அதிகம் வரும். வெறுமனே வெட்டினால் பெரும்பாலும் திரும்ப வரும், சில சமயம் முன்பைவிடப் பெரிதாக. ஸ்டீராய்டு ஊசியிலும் சிலிகோன் பட்டையிலும் தொடங்குவார்கள், வெட்டினாலும் அவற்றோடு சேர்த்துத்தான். இனி வேறு துளை வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை. பெருவிரலுக்கு அடியில் புண் வந்து 5 வாரம் ஆகிறது. தினமும் எல்லோ லோஷன் என்ற மஞ்சள் நிறக் கிருமிநாசினி போட்டு, காத்தாடட்டும் என்று மின்விசிறிக்கு நேரே வைக்கிறோம். வலி இல்லை என்கிறார். (அங் மோ கியோ வாசகர்)

வலி இல்லை என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. சர்க்கரை நரம்பை மரக்க வைத்துவிட்டது. அதனால் அந்தப் புண்ணின் மேலேயே நடக்கிறார்.

காத்தாட விடுவது நம் எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம். ஆனால் புண் காய்ந்தால் புதுத்தோல் செல்கள் நகர முடியாது. ஈரப்பதத்தோடு மூடி வைத்த புண்ணில் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடுகிறது என்று ஜார்ஜ் வின்டர் 1962-லேயே பன்றிகளில் காட்டினார். மஞ்சள் லோஷன் தோய்த்த துணி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் அதைப் பிய்க்கும்போது இரவில் வளர்ந்த தோலும் கூடவே வரும். உப்புநீரால் கழுவி, ஒட்டாத கட்டுப் போடுங்கள். கட்டைத் தாதி சொன்ன நாளில் மட்டும் மாற்றுங்கள்.

இதெல்லாம் இந்த வாரம் மருத்துவரைப் பார்க்கும்வரைதான். அடுத்த மாதச் சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம். காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும், எலும்பு வரை போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கால் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றிரவே அவசரப் பிரிவு.

வரும்போது அம்மா வீட்டிலும் வெளியிலும் போடும் செருப்புகளைப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். ஒருமுறை ஒருவரின் செருப்பு அடியில் ஒரு குண்டூசித் தலை தட்டுப்பட்டது. அவர் பல நாளாக அதன் மேல்தான் நடந்திருந்தார்.