தலையில் காந்தம் வைத்தால் படபடப்பு போகுமா?

கேள்வி: பல்லடத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேனுங்க. வயது 46. மூன்று வருடமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், உயிர் போய்விடுமோ என்கிற பயம். இசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். எஸ்சிட்டலோப்ராம் என்கிற பதற்ற மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றைப் புரட்டியதால் மூன்றே வாரத்தில் நிறுத்திவிட்டேன். இப்போது ராத்திரியில் அல்பிரசோலம் அரை மாத்திரை மட்டும். கோவையில் ஒரு மருத்துவமனையில், தலையில் காந்தம் வைத்து முப்பது சிட்டிங் செய்தால் சரியாகும் என்கிறார்கள். கரண்டு வைக்கிறார்களோ என்று சம்சாரம் பயப்படுகிறாள். செய்துகொள்ளலாமா?

பதில்: முதலில் உங்கள் சம்சாரத்துக்குச் சொல்லிவிடுகிறேன். இது ஷாக் சிகிச்சை இல்லை. அதில் மயக்க மருந்து கொடுத்து, வேண்டுமென்றே வலிப்பை வரவழைப்பார்கள். (அதுவும் சினிமாவில் காட்டுகிற மாதிரி கொடூரமானது இல்லை, அது வேறு கதை.) காந்தச் சிகிச்சையில் மயக்கமும் கிடையாது, வலிப்பை வரவழைப்பதும் கிடையாது. பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒன்றில் விழித்தபடியே உட்கார்ந்திருப்பீர்கள். முடிந்ததும் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

கருவி வேலை செய்கிற விதம் மற்றவர்களை விட உங்களுக்குச் சுலபமாகப் புரியும். பெட்டிக்குள் பெரிய கெபாசிட்டர் இருக்கிறது. அதில் சார்ஜ் ஏற்றி, ஆயிரக்கணக்கான ஆம்பியரை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் செம்புக் காயிலுக்குள் விடுவார்கள். பெரும்பாலும் எட்டு வடிவக் காயில். அதில் எழும் காந்தப்புலம் ஒன்றரை, இரண்டு டெஸ்லா வரும். மண்டை ஓடு அதைத் தடுக்காது. அந்தப் புலம் மாறும்போது மூளையின் மேற்பரப்பு நரம்புகளில் சின்னதாக மின்னோட்டம் உண்டாகிறது. டிரான்ஸ்பார்மர் மாதிரிதான்: பிரைமரி வைண்டிங் வெளியே, செகண்டரி உங்கள் தலைக்குள்ளே, அவ்வளவுதான். 1831-ல் ஃபாரடே சொன்ன விதியேதான். மனித மூளையில் இதை முதலில் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆண்டனி பார்க்கர், 1985-ல். டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன் என்பதைச் சுருக்கி இந்தச் சிகிச்சையை டிஎம்எஸ் என்கிறார்கள்.

முதல் நாள் அளவு எடுப்பார்கள். காயிலைத் தலையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு தட்டாகக் கொடுக்கும்போது, ஓரிடத்தில் கைக் கட்டைவிரல் உங்களைக் கேட்காமலே துள்ளும். எந்தக் குறைந்தபட்ச சக்தியில் துள்ளுகிறதோ, அதை வைத்துத்தான் உங்களுக்கான அளவைக் கணக்குப் போடுவார்கள். சிகிச்சையின்போது மரங்கொத்தி கொத்துகிற மாதிரி டக்டக்கென்று சத்தம் வரும், அதனால் காதில் அடைப்பான் வைப்பார்கள். புருவம் துடிக்கலாம், முதல் வாரம் தலைவலி வரலாம். வலிப்பு வருவது மிக மிக அரிது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனச்சோர்வு, அதாவது டிப்ரஷனுக்கு, இது நன்றாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சை. மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தருகிற அமெரிக்காவின் எஃப்டிஏ அமைப்பு 2008-ல் அதற்கு அனுமதி தந்தது. ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய்க்கு 2018-ல் அனுமதி வந்தது. 2021-ல் பதற்றத்துக்கும் ஓர் அனுமதி வந்தது. ஆனால் அது டிப்ரஷனோடு சேர்ந்து வரும் பதற்றத்துக்கு மட்டும். உங்களுக்கு இருப்பதுபோல் தனியாக வருகிற படபடப்புக்கும் பீதிக்கும் அந்த மாதிரி அனுமதி இல்லை. நெற்றியின் வலது பக்கம் நொடிக்கு ஒரு தட்டு வீதம் மெதுவாகக் கொடுத்தால் பதற்றம் குறைகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அவையெல்லாம் சின்ன ஆய்வுகள். போதாததற்கு, வெறும் சத்தம் மட்டும் போடுகிற போலிக் காயிலை வைத்தவர்களிலும் சிலருக்குக் குணம் தெரிகிறது. தினமும் ஒருவர் அக்கறையாக உட்கார வைத்துக் கவனித்தாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடுகிற சுபாவம் நமக்கு.

பதற்றத்துக்கு இதன் பலன் உறுதியாகத் தெரியாததற்கு ஒரு காரணமும் இருக்கிறது. மோட்டாரில் நிற்கிற ஸ்டேட்டருக்கும் சுற்றுகிற ரோட்டருக்கும் நடுவே இடைவெளி (ஏர் கேப்) கூடினால் இழுவை குறையும் இல்லையா? அதே கதைதான் இங்கேயும். சாதாரணக் காயிலின் வீச்சு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரைதான் எட்டும். பயத்தை எழுப்புகிற அமிக்டலா மூளையின் ஆழத்தில் கிடக்கிறது. மேலே தட்டி, நரம்புத் தொடர்பு வழியாகத்தான் அதை அடக்க வேண்டும்.

அதனால் உங்களிடம் நான் முதலில் பார்க்க நினைப்பது பழைய சீட்டுகளைத்தான். எஸ்சிட்டலோப்ராம் பலன் காட்டவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்கள் மூன்றாவது வாரத்திலேயே இறங்கிவிட்டீர்கள். வயிற்றுப் புரட்டல் முதல் வாரங்களில் வருவது சகஜம். குறைந்த அளவில், சாப்பாட்டுக்குப் பின் தொடங்கினால் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். ஆக, அந்த மருந்து தோற்றுப்போனது என்று சொல்ல முடியாது, இன்னும் பரீட்சையே எழுதவில்லை. தைராய்டு பார்த்தீர்களா? பட்டறையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ?

அப்புறம் சிபிடி என்கிற பேச்சு வழிச் சிகிச்சை. படபடப்பு வந்ததும் நாடியைப் பிடித்துப் பார்ப்பது, திருப்பூருக்குத் தனியாகப் பஸ் ஏறாமல் இருப்பது, இந்த மாதிரிப் பழக்கங்கள்தான் பயத்துக்குத் தீனி. பயிற்சி பெற்ற உளவியலாளர் உங்களை வேண்டுமென்றே மாடிப்படி ஏறி இறங்கச் செய்து, நெஞ்சு அடிக்கும்போது நாடியைத் தொடாமல் உட்கார வைப்பார். கேட்க அற்பமாகத் தெரியும். பீதிக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

அல்பிரசோலத்தை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரலாம். தொடர்ந்து போட்டால் காந்தச் சிகிச்சையின் பலனையும் குறைக்கலாம் என்கிறார்கள். டாக்டர் சொல்கிற வேகத்தில் படிப்படியாகக் குறையுங்கள்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஆறவில்லை, அல்லது கூடவே டிப்ரஷனும் இருக்கிறது என்றால் டிஎம்எஸ் செய்துகொள்ளலாம், தப்பே இல்லை. அப்போது டாக்டரிடம் கேளுங்கள்: என் சீட்டில் நோய் என்று என்ன எழுதியிருக்கிறீர்கள்? எந்தப் பக்கம், எத்தனை வேகம்? பத்து சிட்டிங்கில் பலன் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? "எல்லாத்துக்கும் இது கேட்கும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், பல்லடத்திலிருந்து கோவைக்குப் போய் வருகிற செலவையும் பட்டறை மூடிக்கிடக்கிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால், அட்மிட் ஆகாமல் செய்கிற சிகிச்சைக்குப் பணம் தருவார்களா என்று எழுத்திலேயே வாங்கிவிடுங்கள்.

மூளை ரத்தக்குழாயில் போட்ட உலோகக் கிளிப், காதில் காக்ளியர் கருவி, நெஞ்சில் பேஸ்மேக்கர், முன்பு வலிப்பு வந்த வரலாறு, இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்ல வேண்டும். பல் அடைத்திருந்தால் பரவாயில்லை. உங்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். கிரைண்டரில் பிடிக்கும்போது எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் பறந்து விழுந்ததுண்டா? இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முந்தின ராத்திரி கண் விழிப்பதும் குடிப்பதும் கூடாது.

போவதென்று முடிவானால் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள். தலையில் வைக்கும் முன், முன்கையில் வைத்து இரண்டு தட்டு தட்டிக் காட்டச் சொன்னால் பல இடங்களில் காட்டுவார்கள். உங்கள் விரல் துள்ளுவதை அவர்களும் கிட்ட நின்று பார்க்கட்டும்.