பண்ணை வாசலில் ஒரு பொதுப்பாதை

கேள்வி: கொரோனா ஊரடங்கின்போது இங்கிலாந்தில் சில விவசாயிகள் தங்கள் நிலத்தில் உள்ள நடைபாதைகளை அடைத்ததாகவும், அதற்கு எதிர்ப்பு எழுந்ததாகவும் படித்தேன். சொந்த நிலத்தை அடைக்க விவசாயிக்கு உரிமை இல்லையா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நிலம் அவருடையதுதான், அதன் ஊடே செல்லும் பொதுப்பாதையில் நடக்கும் உரிமை எல்லாருக்கும் உரியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக அத்தகைய பாதைகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. அவற்றை மறிப்பது 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி குற்றம். 2020 மார்ச் 23 அன்று ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, உடற்பயிற்சிக்காக நாளுக்கு ஒரு முறை வெளியே செல்லலாம் என்று ஆனபோது, போக வேறிடமில்லாத மக்கள் இந்தப் பாதைகளுக்கு வந்தார்கள்.

ஆனால் பாதைகள் பலவும் வயலோரமாக மட்டும் செல்வதில்லை. பண்ணைவீட்டு வாசலை ஒட்டி, மாட்டுக்கொட்டகையைக் கடந்து போகின்றன. எழுபது வயதைத் தாண்டிய விவசாயி, வெளியாட்களிடமிருந்து விலகியிருக்கும்படி அரசே அறிவுறுத்திய நிலையில், முன்பின் தெரியாத பலர் தொட்டுத் திறந்த கதவின் தாழ்ப்பாளைத் தானும் தொட்டால்தான் ஆடுகளுக்குத் தீனி வைக்க முடியும். அவருடைய அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பாதையை மூடக்கூடாது, ஆனால் கால்நடைகளுக்கு ஆபத்தில்லாத இடங்களில் கதவுகளைத் திறந்தபடியே கட்டி வைக்கலாம், வீட்டையும் முற்றத்தையும் சுற்றிச் செல்லும்படி மாற்றுப் பாதை காட்டி, அதில் செல்லுமாறு பணிவாக வேண்டி அறிவிப்பு வைக்கலாம் என்று இங்கிலாந்து அரசு வழிகாட்டியது. வேல்ஸ் அரசோ, அந்த மார்ச் 21, 22 வார இறுதியில் ஸ்னோடோனியா மலைப்பகுதியில் கூட்டம் அலைமோதியதைக் கண்டு, நெரிசல் மிகும் பாதைகளை மூட உள்ளாட்சி அமைப்புகளுக்கும் தேசியப் பூங்கா ஆணையங்களுக்கும் அதிகாரம் அளித்தது. மலையுச்சிக்கு அது பொருந்தும். பண்ணை வாசலுக்கு இங்கிலாந்தின் வழியே மேல் என்பேன், ஏனெனில் அதில் நடப்பவரின் உரிமையும் போகவில்லை, முதியவரின் வாசலும் தப்பியது.

கேள்வி: ஊரடங்குக் காலத்தில் எங்கள் நாய் வயலில் சற்று ஓடியதற்கே விவசாயி கடுமையாகக் கத்தினார். அது எந்த ஆட்டையும் கடிக்கவில்லையே?
(வாசகி, லெஸ்டர்)

பதில்: கடிக்க வேண்டியதில்லை, துரத்தினாலே போதும். மார்ச், ஏப்ரல் அங்கே செம்மறிகள் குட்டி போடும் காலம். மிரண்டு ஓடும் சினை ஆட்டுக்குக் கரு கலையலாம், பிறந்த குட்டி தாயைப் பிரிந்து தவிக்கலாம். அதனால்தான் 1953ஆம் ஆண்டுச் சட்டம், செம்மறிகள் மேயும் வயலில் நாயைக் கயிற்றிலோ நெருங்கிய கட்டுப்பாட்டிலோ வைக்காததையே குற்றமாகக் கருதுகிறது. நாயின் கழிவையும் அள்ளிச் செல்லுங்கள். அதிலிருந்து பரவும் நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணி பசுக்களின் கருவைக் கலைக்கக்கூடியது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கன்றோடு நிற்கும் பசுக்கள் துரத்தி வந்தால் கயிற்றை உடனே விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும், அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் மிதிபடுவார்.