அறிக்கைக்கு ஆட்சேபம் கோர்ட்டில், ஆளைப் பற்றிய புகார் கலெக்டரிடம்

கேள்வி: ஆறு வயது மகன் யாரிடம் இருப்பது என்று எனக்கும் கணவருக்கும் குடும்பநல வழக்கு நடக்கிறது. கோர்ட் கேட்டதால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் தேயிலைத் தோட்டத்தில் உள்ள எங்கள் லைன் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் கொழுந்தெடுக்கப் போயிருந்தேன். ‘வீடு பூட்டியிருந்தது, பிள்ளையைக் கவனிக்க ஆளில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கலெக்டருக்கு மனு போட்டேன். ‘வழக்கு நிலுவையில் இருப்பதால் தலையிட இயலாது’ என்று பதில் வந்துவிட்டது. இனி எங்கே போவது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: ஒரே மனுவில் இரண்டு விஷயத்தைக் கலந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அறிக்கை சரியா தப்பா என்று சொல்ல நீதிபதிக்குத்தான் அதிகாரம். உங்களைப் பார்க்காமலே ஒருவர் எழுதிக் கொடுத்தாரே, அது நிர்வாகப் புகார். அதைக் கலெக்டர் விசாரிக்கலாம்.

முதலில் கோர்ட் வேலையைப் பாருங்கள். 1984-ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, மற்ற வழக்குகளில் சாட்சியமாக எடுபடாத அறிக்கையைக்கூட நீதிபதி ஏற்கலாம். நீங்கள் பேசாமல் இருந்தால் அந்த ஒற்றை வரி அப்படியே நிற்கும். அறிக்கையின் சான்றிட்ட நகலை வாங்கி, ஆட்சேபணையை எழுத்தில் தாக்கல் செய்யுங்கள். எழுதியவரைக் குறுக்கு விசாரணை செய்யவும், மாலை வேளையில் மறுபடி வந்து பார்க்கச் சொல்லவும் தனித்தனி மனு கொடுக்கலாம்.

ஆட்சேபணையில் ‘காசு வாங்கிக்கொண்டு எழுதினார்’ என்றெல்லாம் வேண்டாம். நிரூபிக்க முடியாத ஒரு வரி, மற்ற பத்து வரியையும் கெடுத்துவிடும். அன்றைய செக்ரோல் (தோட்டத்து வேலையாட்களின் வருகைப் பதிவேடு) பதிவு, கொழுந்து எடைச் சீட்டு, பையனின் பள்ளி வருகைப் பதிவு, இந்த மூன்றும் போதும். அவர் வந்தது காலை 11 மணி என்றால் நீங்கள் தேயிலைக் காட்டில், பையன் வகுப்பில். கதவு பூட்டித்தானே இருக்கும்? ஆனால் பள்ளி விட்டதிலிருந்து நீங்கள் வீடு திரும்பும் வரை அவனை யார் பார்க்கிறார்கள்? எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் கை வைப்பார். பாட்டியோ பக்கத்து லைன் அக்காவோ, பார்த்துக்கொள்பவர் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரமும் சேர்த்துவிடுங்கள்.

வந்த நேரம் அறிக்கையில் இல்லையா? 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கள வருகைப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கலெக்டருக்குப் புது மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்தத் தேதி, எத்தனை மணி, யாரிடம் பேசினார், யாரிடம் பேசவில்லை என்பது மட்டும் இருக்கட்டும். ‘மகனை என்னிடம் ஒப்படைக்க வேண்டும்’ என்ற வரி இருக்கிறவரை மனு திரும்பித்தான் வரும். நீதிபதியைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

குழந்தைகள் நலக் குழு என்பது வேறு அமைப்பு; பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் விஷயத்தில் உத்தரவு போடுகிற குழு. அது உங்கள் மகன் விஷயத்தில் ஏதாவது உத்தரவு போட்டிருந்தால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 101-ஆம் பிரிவுப்படி 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். கலெக்டர் பதிலுக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவைக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும்போது அறிக்கை நகலையும் கலெக்டர் அலுவலகப் பதிலையும் எடுத்துச் செல்லுங்கள். போன் என்றால் 15100.