தூக்க மாத்திரை போதுமா?

கேள்வி: என் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர். காஷ்மீரில் கண்ணிவெடியில் கூட்டாளி சிதறியதைக் கண்ணால் பார்த்தவர். ஊருக்கு வந்தபின் ஒரே குடி, கோபம். அடிதடி வழக்கில் இப்போது சிறையில் இருக்கிறார். மனு போட்டுப் பார்த்தபோது, “ராத்திரி கதவுச் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப்போடுது” என்றார். தூக்க மாத்திரை தருகிறார்களாம். போதுமா, டாக்டர்?
– ஒரு தங்கை, தேவகோட்டை

பதில்: போதாதம்மா. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வது பிடிஎஸ்டி, அதாவது கொடூரமான சம்பவத்தின் அதிர்ச்சி மனதை விட்டுப் போகாத நோய் மாதிரித்தான் இருக்கிறது. நம்ம செட்டிநாட்டுப் பக்கம் அதிர்வேட்டு இல்லாத திருவிழா ஏது? என்னிடம் வரும் முன்னாள் ராணுவத்தினர் சிலர் திருவிழா நாளில் ஊரிலேயே இருப்பதில்லை. சிறையில் அப்படி நழுவ முடியாது. இரும்புக் கதவு, விசில், நடுராத்திரியில் முகத்தில் அடிக்கும் டார்ச் என்று எல்லாமே அவரை உசுப்பும்.

டயசிபாம் வகை மாத்திரை தூங்க வைக்கும், நோயை ஆற்றாது. குடித்துப் பழகியவரை எளிதில் அடிமையாக்கும். அதற்காகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. இந்த நோய்க்குத் தரும் செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும். முக்கியமானது பேச்சு சிகிச்சை: பயிற்சி பெற்றவரிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வது, பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 8 முதல் 15 அமர்வுகள். சிறையில் இதற்குத் தனியறை கிடைப்பதே பாடு. கிடைத்தாலும், அழுது சிவந்த கண்ணோடு பத்துப் பேர் இருக்கும் அறைக்குத்தானே திரும்ப வேண்டும்? இடையில் வேறு சிறைக்கு மாற்றினால் எல்லாம் அறுந்துபோகும்.

சிறை மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: எங்கே பணி, என்ன நடந்தது, தூக்கம், குடி. பட்டாளத்தில் தந்த டிஸ்சார்ஜ் புக் நகலையும் இணையுங்கள். பட்டாளத்தில் இருந்ததையே பலர் உள்ளே சொல்வதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 103-வது பிரிவு, மனநோயுள்ள கைதியைச் சிறை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாற்றச் சொல்கிறது. அங்கே அந்த வசதி இல்லையென்றால் வெளியே மனநல மருத்துவமனைக்கு. காவலில் இருப்பவருக்கு வக்கீல் இலவசம், சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள். உங்களுக்கே தூக்கம் போயிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416.

அப்புறம், அடுத்த மனுவில் “செத்துப்போகலாம்னு தோணுதாண்ணே?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. “ஆமா” என்றால், வாசலைத் தாண்டும் முன்பே சிறை அதிகாரியிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.